நாழியும் முழமும்: தனியாள் வாழ்வின் அளவு குறித்த ஓர் ஆய்வு

1. வினாவும் வழக்கும்

ஒருவர் தனித்து வாழ்வதற்கு எவ்வளவு வேண்டும் என்னும் வினா இன்று எழுந்த வினா அன்று. சங்கச் சான்றோர் இவ்வினாவை எழுப்பியதோடு, எண்ணாலும் முகத்தலளவையாலும் அதற்கு விடையும் வகுத்துள்ளனர். புறநானூற்று 189ஆம் செய்யுளில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், ஒருவர்க்கு வேண்டும் உணவு ஒரு நாழி என்றும் உடை இரண்டு என்றும் வரையறுக்கின்றார். பல நூற்றாண்டு கழிந்து எழுந்த நல்வழியின் 28ஆம் வெண்பாவில் ஔவையார், உணவை அந்நாழி அளவிலேயே நிறுத்தி, உடையை மட்டும் நான்கு முழம் என அளந்து கூறுகின்றார். ஒருவரது வாழ்வுச் செலவை இத்துணைச் சுருக்கமாகக் கணக்கிட்டுக் காட்டிய இடங்கள் தமிழில் மிகச் சிலவே.

இவ்விரு செய்யுட்களையும் ஒரே பொருளனவாகக் கொண்டு, உள்ளது போதும் என்று அமைந்திருக்குமாறு வறியவர்க்கு உரைக்கும் அறிவுரைகளாக எடுத்தாளும் வழக்கம் மேடைகளிலும் பாட விளக்கங்களிலும் காணப்படுகின்றது. குறைந்த வருவாயில் தனித்து வாழும் ஒருவரிடம் சென்று, நாழி அரிசியும் நாலு முழத் துணியும் போதும் என்று சான்றோரே கூறியுள்ளனர் என்பது கேட்பதற்கு இனிதாக இருக்கலாம். ஆயின் அது செய்யுளின் சொற்கிடக்கைக்கும் துறைக்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. நாழி என்பது உடையார்க்கு இட்ட மேல்வரம்பேயன்றி, இல்லார்க்கு அளந்த படியன்று என்பது எம் துணிபு. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நாழி என்னும் அளவு

முதற்கண் அளவையை நோக்குவாம். தமிழ் முகத்தலளவை வாய்பாட்டில் 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். எனவே ஒரு கலத்திற்கு 96 நாழி. நாளொன்றுக்கு ஒரு நாழி எனக் கொள்ளின், ஒருவரது ஆண்டுணவு 365 நாழி; அஃதாவது 3 கலம் 9 குறுணி 5 நாழி. நான்கு கலத்தினும் குறைந்த தானியம் ஓர் ஆளை ஓராண்டு முழுதும் தாங்கும் என்பது இக்கணக்கால் பெறப்படும்.

நாழி எல்லாக் காலத்தும் எல்லா இடத்தும் ஒரே கொள்ளளவினதாக இருந்தது என்று கூறுதற்கில்லை. சோழர் கல்வெட்டுக்களில் மரக்கால்கள் தனித்தனிப் பெயர் பூண்டு வழங்கின. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள், ஆடவல்லான் என்னும் மரக்கால் இராசகேசரியோடு ஒத்தது என்று குறித்துச் செல்கின்றன. அளவைகள் வேறுபட்டன ஆகலினன்றோ, ஒன்றனை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கூறும் தேவை எழுந்தது? ஆதலின் நக்கீரனார் காலத்து நாழி இன்றைய எடையில் எத்துணை என்று துணிதல் ஈண்டு வேண்டா. செய்யுளின் கருத்திற்கு வேண்டுவது நாழியின் கொள்ளளவு அன்று, அதன் பொதுமையே. அந்நாழி சிறிதாயினும் பெரிதாயினும், அரசனது வயிறும் அதனால் நிறையும், வேட்டுவனது வயிறும் அதனால் நிறையும். இப்பொதுமையே பாட்டின் உயிர்நிலை.

3. நக்கீரனார் கூற்று யாரை நோக்கியது?

189ஆம் செய்யுளின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. அது கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் பிறர்க்குப் பங்கின்றி ஒரு குடைக்கீழ் ஆளும் பேரரசரிடம் தொடங்குகின்றது. அடுத்து, நள்ளிரவும் பகலும் உறக்கமின்றி விலங்கின்பின் விரையும் கல்வியறிவில்லா வேட்டுவன் ஒருவனைக் காட்டுகின்றது. இவ்விருவர்க்கும் உணவும் உடையும் ஒத்தன. ஏனையவும் ஒத்தன என்று கூறி, அதன்பின் ஒரு முடிவுக்கு வருகின்றது. செல்வத்தின் பயன் ஈதலே. யாமே நுகர்வோம் என்று கருதின் தவறிப்போவன பல என்பது அம்முடிவு.

இம்முடிவில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, ஈதல் என்பது செல்வம் உடையார்க்கே இயலும் தொழில். வேட்டுவனைச் செய்யுள் ஒப்புமை கூறுதற்பொருட்டுக் கொணர்ந்ததேயன்றி, அவனுக்கு யாதொரு கடமையையும் விதிக்கவில்லை. மற்றொன்று, நுகர்தலைக் குறிக்கும் வினை தன்மைப் பன்மையில் நிற்கின்றது. பேசுவோர் தம்மைச் செல்வம் உடையார் கூட்டத்துள் வைத்துப் பேசும் முறை இது. வறியவனை முன்னிறுத்தி, நீ இவ்வளவில் அமைக என்று ஏவும் முன்னிலைச் சொல் செய்யுளில் ஓரிடத்தும் இல்லை.

துறையும் இதற்கு அரண் செய்கின்றது. இப்பாட்டு பொதுவியல் திணையில் பொருண்மொழிக் காஞ்சி என்னும் துறையாகக் குறிக்கப்பட்டுள்ளது. உலகியலின் மெய்ப்பொருளை எடுத்துரைத்தல் அத்துறையின் இயல்பு. ஈண்டு எடுத்துரைக்கப்படும் மெய்ப்பொருள், வயிற்றிற்கு ஓர் எல்லை உண்டு. எனவே குவித்து வைத்தலுக்குக் காரணம் இல்லை என்பதாம். "தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்று நம் மக்கள் வழங்கும் பழமொழி, அந்தத் "தனக்கு" எவ்வளவு என்பதை அளவிடாது விட்டுவிடுகின்றது. அளவிடாது விட்டமையால் அது ஈயாமைக்கும் இடந்தருகின்றது. எத்துணை குவிந்தாலும் இன்னும் தனக்கே போதவில்லை எனலாமன்றோ? நக்கீரனார் அவ்விடத்தை நாழியால் அடைத்துவிட்டார். நாழிக்கு மேற்பட்டது யாவும் மிஞ்சியதே என்பது அவர் பாட்டின் உட்பொருள்.

4. மலையமான் நாட்டுச் சான்று

நக்கீரனார் பொதுவகையாற் கூறிய இவ்வரம்பை ஒரு மன்னன்மேல் ஏற்றிப் பாடிய செய்யுள் ஒன்று புறநானூற்றிலேயே உளது. கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய 122ஆம் பாட்டே அது. காரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் கோவலுக்குத் தலைவன் என்பதும், அவனூர்த் துறை பெண்ணையாற்றினது என்பதும் அகநானூற்று 35ஆம் பாட்டால் விளங்கும். அக்கோவல் இன்றைய திருக்கோவலூர். 2019இல் தனி மாவட்டமாக அமைந்த கள்ளக்குறிச்சியில், அருத்தநாரீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற ரிஷிவந்தியம், வடகிழக்கே இத்திருக்கோவலூரும் மேற்கே கல்வராயன் மலையும் அமைய இடைநிற்பது. மலையமான் நாட்டு இலக்கியத்தை நிலத்தோடு பொருத்திப் படிப்பார்க்கு இப்பகுதி முழுவதும் ஒரு தொடராகவே தோன்றும்.

122ஆம் பாட்டில் கபிலர் காரியின் உடைமைகளை ஒன்றொன்றாக எடுத்து, ஒன்றொன்றாகக் கழித்துச் செல்கின்றார். நின் நாட்டைக் கடலும் கொள்ளாது. பகைவரும் கொள்ள நினையார். ஆயினும் அது வேள்வித்தீ ஓம்பும் அந்தணர்க்கு உரியது. மூவேந்தருள் ஒருவர் துணைவேண்டி விடுத்த பொருள், நின் குடியை வாழ்த்தி வரும் பரிசிலர்க்கு உரியது. கற்பிற் சிறந்த நின் மனைவியின் தோளையன்றி நினது என்று சொல்லத்தக்கது வேறொன்றும் இல்லை; இருந்தும் நீ பெருமிதம் உடையை என்று பாட்டு முடிகின்றது.

வரவுசெலவுக் கணக்கு எழுதுவார் போல உடைமைகளை வரிசைப்படுத்தி, இறுதியில் மீதம் இன்மையைப் பெருமிதமாகக் காட்டிய திறம் வியக்கத்தக்கது. நக்கீரனார் அரசனுக்கு ஒரு நாழியை விட்டுவைத்தார். கபிலர் அதனையும் கூறிற்றிலர். ஈண்டுச் சுருங்கிய வாழ்வு பெருமைக்குரியதாகின்றது. ஏன்? அது காரியால் விரும்பி மேற்கொள்ளப்பட்டது. கடலாலும் பகைவராலும் கொள்ள இயலாததை அவனே கொடுத்தான். கொடுக்கும் உரிமை உடையவனிடத்தே இன்மை அணியாகும் என்பது இதனால் அறியப்படும். கொடுத்தலிலும் அளவு வேண்டும் என்பதைக் கபிலர் மறந்தாரல்லர். 121ஆம் பாட்டில் அதே காரியை நோக்கி, ஈதல் எளிது, வருவோரது தகுதியின் வரிசை அறிதலே அரிது என்று அறிவுறுத்துகின்றார். உடையாரது சிக்கனம் தம் வயிற்றை அளத்தலோடு நில்லாது, தம் கொடையையும் அறிந்து செய்தலில் நிறைவெய்தும் என்க.

5. தாபத நிலை

இனி, விரும்பாது வந்தெய்திய தனிவாழ்வைப் புறநானூறு எங்ஙனம் காட்டுகின்றது என்பதைக் காண்பாம். கணவனை இழந்த மகளிரது நிலையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் தாபத நிலை எனக் குறித்தார். தாபதம் தவத்தொடு தொடர்புடைய சொல். உணவு சுருங்கி, உடை சுருங்கி, தனித்து வாழும் வாழ்வுக்கு இலக்கணம் தவத்தின் பெயரை இட்டது. செய்யுட்கள் அப்பெயரை ஏற்றுக்கொண்டனவா?

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்புகும்போது தம்மைத் தடுத்த சான்றோரை நோக்கிப் பாடியது 246ஆம் பாட்டு. அதனுள் கைம்மை மகளிரது ஒருநாள் உணவு விரித்துரைக்கப்படுகின்றது. நெய் தீண்டாத, நீரைக் கையாற் பிழிந்தெடுத்த சோற்றுத் திரள், எள்ளுத் துவையல், புளிபெய்து வேகவைத்த வேளைக்கீரை, படுக்கையோ பாயின்றிப் பருக்கைக் கற்களின்மேல். இவ்வுணவை உண்டு உயிர்வாழ்வேம் அல்லேம் என்பது அவர் கூற்று. இப்பட்டியலில் சோற்றின் அளவு குறைந்தது என்று கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது. குறைந்தன நெய்யும் பாயும் இனிமையும். ஒரு நாழி அரிசி அவர்க்கும் கிடைத்திருக்கலாம். நாழி நிறைந்தும் வாழ்வு நிறையாத நிலை ஒன்று உண்டு என்பதைப் புறநானூறே இவ்வாறு காட்டிவிடுகின்றது.

ஒக்கூர் மாசாத்தனாரது 248ஆம் பாட்டு மிகச் சிறியது. ஆயினும் ஆற்றல் மிக்கது. இளமையில் தழையுடையாக உதவிய சிறு வெள்ளாம்பல், கணவன் இறந்தபின், பொழுது மாறி வைகறையில் உண்ணும் புல்லரிசி ஆயிற்று என்று அப்பெண் இரங்குகின்றாள். அணியாக இருந்த பொருளே உணவாக மாறியதில் வீழ்ச்சி முழுவதும் அடங்கிவிட்டது. பிறர் சொல் ஒன்றும் வேண்டாது ஒரு பூவின் வழியே இரு வாழ்வுகளை எதிர்நிறுத்திய இச்செய்யுளில், அவ்வம்பலின் அரிசி போதும் என்னும் குறிப்பு சிறிதும் இல்லை. துறையின் பெயர் தாபத நிலை. பாட்டின் குரலோ இரக்கம். இலக்கணம் தவம் எனப் பெயரிட்டதைச் செய்யுள் துன்பம் எனவே காட்டுகின்றது. உரையாசிரியர் வழிநின்று துறைப்பெயரை மட்டும் பற்றுவார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது போதலும் கூடும்.

தும்பி சேர்கீரனாரது 249ஆம் பாட்டு மற்றொரு கூற்றைச் சேர்க்கின்றது. நேற்றுவரை அத்தலைவனது உணவு பலரோடு கூடி உண்ணப்பட்டது. இன்று அவன் மனைவி முறம் அளவான சிற்றிடத்தைத் தூய்மை செய்து, கண்ணீரே நீராக ஆப்பியால் மெழுகுகின்றாள். பெருநிலம் சுளகின் அளவிற்குச் சுருங்கியது. இழந்தது நிலம் மட்டும் அன்று. உடன் உண்பாரும் இலர் என்பதே அதன் உள்ளீடு.

6. தமியராய் உண்ணுதல்

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். தமிழ்ச் சான்றோர் தனித்து உண்ணுதலைப் பழித்தனர் அல்லரோ? கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய 182ஆம் புறப்பாட்டு, அமிழ்தமே பெறினும் தனித்து உண்ணாதாரால் இவ்வுலகம் நிலைபெறுகின்றது என்று கூறுகின்றது. திருக்குறளின் 229ஆம் குறள், குவித்த பொருளைத் தாமே தமியராய் உண்ணுதல் இரத்தலினும் இன்னாது என்று கடிந்துரைக்கின்றது. அங்ஙனமாயின், தனி உலை வைத்துத் தனியே உண்ணும் ஒருவர் இப்பழிக்கு உள்ளாவரோ எனின், ஆகார் என்க.

குறளின் பழி தனிமையின்மேலது அன்று, பதுக்கலின்மேலது. ஈகை என்னும் அதிகாரத்துள் இக்குறள் நிற்றலும், பொருளை நிறைத்து வைத்தோனே ஈண்டுப் பேசப்படுதலும் அதனை உறுதிசெய்யும். உடன் உண்ண ஆள் இருந்தும் கதவடைத்து உண்பவன் வேறு; உடன் உண்ண ஆளின்றி உண்பவர் வேறு. முன்னவனைக் கடிந்த சொல்லால் பின்னவரைச் சுடுதல் பொருந்தாது. 249ஆம் பாட்டின் பெண் தனித்திருத்தலைத் தேர்ந்தவள் அல்லள். ஆகவே சான்றோர் அவளைக் கண்டு இரங்கினரேயன்றிக் கடிந்திலர்.

7. இல்லாதார் தம் வாயாற் கூறியவை

வறியவர் தம் வறுமையைத் தாமே கூறும் இடங்களில் நாழி என்னும் சொல்லாட்சி எவ்வாறு அமைந்துள்ளது என்று நோக்கின் எம் கருத்து மேலும் வலிபெறும். பெருஞ்சித்திரனார் குமணனிடம் பாடிய 159ஆம் பாட்டில் அவர் மனைவி, குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பின்றி நீரில் வேகவைத்து, சோற்றையே மறந்து உண்கின்றாள். பெருந்தலைச் சாத்தனாரது 164ஆம் பாட்டில் சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்துள்ளது. உப்பு இல்லை, மோர் இல்லை, சோறு இல்லை, அடுப்பில் தீ இல்லை என இன்மைகளே அடுக்கப்படுகின்றன. இவ்வளவு போதும் என்று எவரும் ஓரளவையைச் சுட்டினாரல்லர். அளக்க ஒன்று இருந்தாலன்றோ அளவை வேண்டும்?

இதனினும் வியப்பு, பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குக் கூறும் 163ஆம் பாட்டு. அன்புடையார்க்கும் சுற்றத்தார்க்கும் முன்னர்க் கடன் தந்தார்க்கும் எல்லார்க்கும் கொடு, என்னையும் கேளாதே, வைத்து வளமாக வாழ்வோம் என்றும் எண்ணாதே என்கின்றார். குப்பைக்கீரை உண்ட வீட்டில் சேமிப்புக்கு இடமில்லை! இன்றைய பொருளியல் நோக்கில் இது சிக்கனம் அறியாமை எனத் தோன்றலாம். ஆயின் உற்று நோக்கின் அதன் நியாயம் விளங்கும். வறுமையில் அவ்வீட்டைத் தாங்கியோர் சுற்றத்தாரும் கடன் கொடுத்தோருமே. வந்த பொருளை அவர்க்குப் பகிர்தல், இனி வரும் வறுமைக்கு அவர் துணையைப் பேணுதலும் ஆம். தனியாள் சேமிப்பு ஒரு காப்பு; உறவும் கொடுக்கல் வாங்கலும் மற்றொரு காப்பு. பெருஞ்சித்திரனார் பின்னதைத் தேர்ந்தார்.

8. நல்வழியில் நேர்ந்த மாற்றம்

நல்வழிக்கு வருவாம். காப்பு நீங்கலாக 40 வெண்பாக்களைக் கொண்ட இந்நூல் இயற்றிய ஔவையார் சங்க காலத்தவரின் வேறாவர் என்பது ஆராய்ச்சியாளர் ஒப்பிய முடிபு. எனினும் ஔவையார் பலரையும் ஒருவராக்கிய வழிவழிக் கதைகள், பாரி மகளிர்க்குத் திருக்கோவலூரில் மணம் முடித்து வைத்தவர் ஔவையாரே என்று கூறுகின்றன. அவ்வூர் வீரட்டானத்துள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்கு அளித்துத் தீப்புகுந்தவர் கபிலர் என்கின்றது. இவ்வாறு நல்வழியின் ஔவையாரும் 122ஆம் பாட்டின் கபிலரும் மலையமான் நாட்டு நினைவில் ஒரே மணச்செய்தியின் இருபுறத்தே நிற்கின்றனர். வரலாறு அன்று எனினும், அளவோடு வாழ்தலைப் பாடிய இருவரையும் மக்கள் நினைவு ஓரூரில் சேர்த்துவைத்தது கருதத்தக்கது.

28ஆம் வெண்பாவில் உணவு அந்நாழியே. உடை மட்டும் எண்ணிலிருந்து நீட்டலளவைக்கு மாறியுள்ளது. இரண்டு உடை என்பதில் பட்டும் அடங்கும், பருத்தியும் அடங்கும். மேலாடையும் கீழாடையும் அடங்கும். நான்கு முழம் என்பதோ இடையில் உடுக்கும் ஒரே வேட்டியின் அளவு. இன்றும் துணிக்கடையில் நாலு முழம், எட்டு முழம் என்றே வேட்டிகள் வழங்குதலை நோக்குக. அளவு மேலும் இறுகிவிட்டது.

இதனினும் பெரிய மாற்றம் முடிவில் உள்ளது. நக்கீரனார் நாழியிலிருந்து ஈகைக்குச் சென்றார். ஔவையாரோ நாழியிலிருந்து மன அலைவுக்குச் செல்கின்றார். உண்பதும் உடுப்பதும் இத்துணையே ஆக, எண்ணுவனவோ எண்பது கோடி. அகக்கண் மறைந்த மாந்தரது குடிவாழ்க்கை மட்கலம் போலச் சாமளவும் துயரமே என்பது அவ்வெண்பாவின் கருத்து. பிறர்க்குக் கொடுத்தல் என்னும் கடமை மறைந்து, தன் உள்ளத்தை அடக்குதல் என்னும் கடமை முன்நிற்கின்றது. அரசனும் வேட்டுவனும் மறைந்து, பொதுப்பட மாந்தர் என நின்றமையால், இப்பாட்டை யார்க்கும் உரைக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. வறியவர்க்கு அமைதி கூறும் வழக்கம் இவ்வாயிலாகவே நுழைந்திருத்தல் வேண்டும் என்று கருதுகின்றோம்.

ஆயினும் ஔவையாரையும் அவ்வழக்கிற்குத் துணையாகக் கொள்ள இயலாது. வெண்பா பழிப்பது எண்பது கோடியை எண்ணுதலை; நாளைய நாழி எங்கே என்று எண்ணுதலை அன்று. அதே நூலின் 11ஆம் வெண்பா வயிற்றை நோக்கிப் பேசுகின்றது: ஒருநாள் உணவை விடு என்றால் விடாய், இருநாளுக்கு உரியதை ஏற்றுக்கொள் என்றால் ஏலாய், உன்னோடு வாழ்தல் அரிது என்று நொந்துகொள்கின்றது. பசியைச் சேமித்து வைக்கவும் இயலாது, ஒத்திவைக்கவும் இயலாது என்பதை அறிந்தவர் கூற்று இது. 25ஆம் வெண்பாவோ முதலுக்கு மிஞ்சிய செலவினால் மானமும் மதியும் அழியும் என்று எச்சரிக்கின்றது. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின், ஔவையார் செலவை அடக்கச் சொல்லியதும், வயிற்றின் வன்மையை ஒப்புக்கொண்டதும், பேராசையைக் கடிந்ததும் தனித்தனிச் செய்திகள் என்பது புலனாம்.

9. வள்ளுவர் வகுத்த இருவேறு இடங்கள்

திருவள்ளுவர் இவ்வேறுபாட்டை நூலமைப்பாலேயே காட்டியுள்ளார். வரவு சிறிதாயினும் செலவு விரியாதவழிக் கேடில்லை என்னும் 478ஆம் குறளும், அளவறியாது வாழ்பவனது வாழ்வு இருப்பது போலத் தோன்றிக் கெடும் என்னும் 479ஆம் குறளும், தன் பொருளளவை நோக்காது செய்யும் ஒப்புரவால் வளம் விரைந்து கெடும் என்னும் 480ஆம் குறளும் வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்துள் நிற்கின்றன. அது பொருட்பாலில் அரசன் தன் ஆற்றலை அறிந்து வினைசெய்தலைக் கூறும் அதிகாரம். வறுமையைப் பற்றிய நல்குரவு அதிகாரமோ 105ஆவது. சிக்கனம் ஓரிடத்தும் வறுமை மற்றோரிடத்துமாக நூலுள் நெடுந்தொலைவில் வைக்கப்பட்டன. முன்னது ஆற்றலுள் ஒன்று, பின்னது துன்பம். 478ஆம் குறள் வரவு சிறிது என்கின்றதேயன்றி வரவே இல்லை என்று கூறிற்றில்லை. குறுகிய வருவாயில் தனித்து வாழ்வார்க்கு இக்குறள் சிறந்த துணை. வருவாயே இல்லார்க்கு 105ஆம் அதிகாரமே சான்று.

நல்குரவு அதிகாரத்து இறுதிக் குறளாகிய 1050 எம் கருத்திற்கு மாறுபோலத் தோன்றும். நுகரும் பொருள் இல்லாதார் முற்றத் துறவாமை, பிறரது உப்புக்கும் கஞ்சிக்கும் கூற்று என்று அது கூறுகின்றது. வறியவரைத் துறக்கச் சொல்லிற்றன்றோ எனின், அதன் சொல்வன்மையை நோக்குதல் வேண்டும். சிறிதே போதும் என்று அது கூறவில்லை. சிறிதும் இல்லாவிடத்து எஞ்சியது துறவு ஒன்றே என்று வறுமையின் கொடுமையை அதன் எல்லைவரை கொண்டுசெல்கின்றது. நேற்றுக் கொன்றது போன்ற வறுமை இன்றும் வருமோ என அஞ்சும் 1048ஆம் குறளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பார், ஆங்கு அமைதி உரைக்கப்பட்டது என்று கொள்ளார்.

10. இன்றைய நாழி

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. இன்றைய அரசும் தனியாளுக்கு ஓர் அளவு வகுத்துள்ளது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளொன்றுக்குத் திங்களுக்கு 5 கிலோ தானியம் என்று வரையறுத்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 கிராம். தமிழகத்தில் ஆதரவற்ற கைம்பெண்டிர்க்கும் முதியோர்க்கும் வழங்கும் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1000 ரூபாயிலிருந்து 1200 ரூபாயாக உயர்ந்தது. 30 நாளுக்குப் பகுப்பின் நாளொன்றுக்கு 40 ரூபாய். ரிஷிவந்தியத்திலோ கல்வராயன் மலையூர் ஒன்றிலோ தனித்து வாழும் கைம்பெண் ஒருவர் இவ்விரண்டையும் கொண்டே உலை வைத்தல் கூடும். உப்பும் புளியும் விளக்கும் மருந்தும் அந்த நாற்பதுக்குள் அடங்குதல் வேண்டும்.

இவர் கணக்கறிந்து வாழ்வது வள்ளுவர் கூறிய வலியறிதலே, அத்திறம் பாராட்டற்குரியது. ஆயின் அவர்முன் நின்று நக்கீரனாரைக் காட்டி, நாழி போதும் என்பது பாட்டைத் தலைகீழாக நிறுத்துவதாகும். அப்பாட்டு அவரிடம் சென்று கூறுதற்கு ஒன்றும் உடையதன்று. அவருக்கு அளந்து தருவாரிடம் சென்று கூறுதற்கு மிகவும் உடையது. நின் வயிறும் அவர் வயிறும் ஒன்றே. எனவே எஞ்சியது யாது என்று எண்ணிப்பார் என்பதே அது கூறும் செய்தி.

11. முடிவு

இதுகாறும் கூறியவற்றால், தனியாள் வாழ்வின் அளவு குறித்துத் தமிழிலக்கியத்துள் மூன்று குரல்கள் உள என்பது போதரும். உடையார் தம் நுகர்ச்சியைச் சுருக்கி எஞ்சியதைப் பகிர்தல் ஒன்று. அதற்கு நக்கீரனாரும் கபிலரும் சான்று. இழந்தார் வேறு வழியின்றிச் சுருங்கி வாழ்தல் மற்றொன்று. அதற்குத் தாபத நிலைப் பாட்டுக்களும் பரிசிலர் பாட்டுக்களும் சான்று. உண்பது சிறிதாக எண்ணுவது பெரிதாக அலைதல் மூன்றாவது. அதற்கு நல்வழி சான்று. முதலாவதனைப் போற்றுதலும், இரண்டாவதற்கு இரங்குதலும், மூன்றாவதனைத் தெளிவித்தலும் சான்றோர் நெறி. இவற்றை ஒன்றாகக் குழைத்து, முதலாவதன் புகழை இரண்டாவதற்கு ஆறுதலாக அளித்தல் அந்நெறி அன்று.

பிற்கால நீதிநூல்களிலும் தனிப்பாடல்களிலும் நாழி, முழம், உழக்கு முதலிய அளவைச் சொற்கள் வரும் இடங்களை முறையே தொகுத்து, அவை யாரை நோக்கிக் கூறப்பட்டன என்று தனித்தனி ஆராயின், இம்மூன்று குரல்களின் வரலாறு மேலும் தெளிவுறும். அளவு கூறும் பாட்டைப் படிக்குங்கால் எவ்வளவு என்று கேட்பதோடு அமையாது, யார்க்கு என்றும் கேட்டல் ஆய்வு மாணவர் கடனாகும்.